கையை அழுத்தினால் நோய் தெரியுமா?

'கைனீஸியாலஜி' - வாயில் நுழையாத பெயராக இருக்கிறதே என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், தோழிகளே! கிரேக்க மொழியில் 'கினேசிஸ்' என்றால் அசைவு. உடம்பு எப்படி அசைகிறது, எந்தத் தசை எதை இழுக்கிறது என்று ஆராயும் படிப்புக்குத்தான் இந்தப் பெயர்.

இதே பெயரில் ஒரு மாற்று வைத்தியமும் உண்டு. அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரத்தில், முதுகெலும்பை அழுத்திச் சரிசெய்யும் கைரோபிராக்டராக இருந்த ஜார்ஜ் குட்ஹார்ட் 1964-ல் இதை ஆரம்பித்தார். வீட்டிலுள்ளவர்களே ஒருவருக்கொருவர் செய்துகொள்ளலாம் என்று 1973-ல் 'டச் ஃபார் ஹெல்த்' என்ற புத்தகம் எழுதிப் பரப்பினார் ஜான் தீ.

எப்படிச் செய்கிறார்கள்?

கையைத் தோள் உயரத்துக்கு நீட்டச் சொல்வார்கள். மணிக்கட்டுப் பக்கம் மெள்ள அழுத்துவார்கள். கை அப்படியே நின்றால் நல்லது. தாழ்ந்துவிட்டால் அந்தத் தசையோடு சம்பந்தப்பட்ட உறுப்பில் ஏதோ குறை என்பார்கள். ஒரு கையில் முட்டையைக் கொடுத்து, மறு கையை அழுத்தி, "இது உங்களுக்கு ஒத்துக்காது" என்பதும் உண்டு. கைக்குழந்தை என்றால் தாயின் கையை அழுத்திக் குழந்தைக்குப் பலன் சொல்வார்கள்! பிறகு சில இடங்களைத் தொட்டு நீவிவிடுவார்கள். சாப்பாட்டை மாற்றச் சொல்வார்கள்.

நீவிவிட்டால் சுகம்தான், அதை நான் மறுக்கவில்லை. எங்கள் ஊரையே எடுத்துக்கொள்ளுங்களேன். போடியிலிருந்து விடியற்காலையில் ஜீப்பேறி, போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டி ஏலத்தோட்டத்துக்குப் போகிற பெண்கள் எத்தனையோ பேர். ஏலக்காய் செடியின் தூரில், தரையை ஒட்டியல்லவா காய்க்கிறது! நாள் முழுக்கக் குனிந்தும் குத்தவைத்தும் எடுத்தால் இடுப்பும் முட்டியும் என்னத்துக்கு ஆகும்? பரிவோடு பத்து நிமிஷம் பிடித்துவிட்டால் உயிர் வரும். ஆனால் அந்த அலுப்போடு கையை நீட்டினால், அழுத்தாமலேயே தாழ்ந்துவிடுமே! அதை வைத்து ஈரலில் கோளாறு என்று சொல்லலாமா?

சத்துக் குறைவைக் கண்டுபிடிப்பதில் இந்தச் சோதனை குத்துமதிப்பாகச் சொல்வதைவிட மேலில்லை என்று 1988-ல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. குழந்தைகளின் உணவு ஒவ்வாமைக்கு இதை நம்பவே கூடாது என்று பிரிட்டனின் 'நைஸ்' என்ற மருத்துவ வழிகாட்டு அமைப்பு 2011-ல் சொல்லிவிட்டது.

எனக்குத் தெரிந்த ஒரு பெண், உடம்பெல்லாம் அரிப்பு எடுத்த இரண்டு வயதுக் குழந்தைக்கு இப்படிக் கை பார்த்தாள். "பால், முட்டை, கடலை எல்லாத்தையும் நிறுத்து" என்று சொல்லிவிட்டார்கள். குழந்தை இளைத்ததுதான் மிச்சம். "முதல்ல குழந்தை டாக்டர்கிட்ட காட்டும்மா" என்று அனுப்பி வைத்தேன். பார்த்தால் அது வெறும் சிரங்கு! வீட்டில் எல்லோரும் களிம்பு தடவியதும் போய்விட்டது.

வளர்கிற பிள்ளைக்குப் பாலையும் முட்டையையும் நிறுத்துவது சின்ன விஷயமா? டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். எதையாவது சாப்பிட்டதும் உதடு வீங்கினாலோ, மூச்சுத் திணறினாலோ ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

கை தாழ்வதை டாக்டர்களும் பார்ப்பதுண்டு. இரண்டு கைகளையும் தூக்கச் சொல்லும்போது ஒன்று மட்டும் திடீரென்று தாழ்ந்தால், வாய் கோணினால், பேச்சுக் குழறினால் அது பக்கவாதமாக இருக்கலாம். அப்போது நீவிக்கொண்டிருக்காமல் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.