அனுப்பிவிடுவார்களோ?

காலேஜ் முடித்து அதற்கு மேல் பிஎச்.டி. படிப்பது எப்படி இருக்கும்? நாம ஆறாம் வகுப்பில் சேர்ந்த அன்னைக்கு பயந்தோமே, அதே பயம்தான் போலிருக்கு!

வட அயர்லாந்துப் பெண் ஜோசலின் பெல், 1965-ல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். சுற்றிலும் கெட்டிக்காரர்கள். தன்னைத் தெரியாமல் சேர்த்துவிட்டார்கள், தெரிந்ததும் அனுப்பிவிடுவார்கள் என்றே நினைத்தாராம். அனுப்புகிறவரை உழைப்போம் என்று உழைத்தார். (இவர் சின்ன வயசில் ஒரு முக்கியமான பரீட்சையில் ஃபெயில் ஆனவர்!)

ஆராய்ச்சின்னா எப்பவும் புத்தகம்தான்னு நினைக்காதீங்க. முதல் இரண்டு வருஷம் நாலரை ஏக்கரில் ஆயிரத்துக்கும் மேலே கம்பம் நட்டு, கம்பி கட்டி, ரேடியோ தொலைநோக்கி அமைக்கும் வேலை. சம்மட்டிகூட அடித்தார். 1967-ல் அது ஓடத் தொடங்கியதும் தினமும் சுமார் 30 மீட்டர் நீளக் காகிதத்தில் விழும் கோடுகளைக் கண்ணாலேயே பார்க்கணும். அதில் அரை சென்டிமீட்டர் அளவில் ஒரு கிறுக்கல். வேற யாராவது இருந்தா விட்டிருப்பாங்க. இவர் விடவில்லை. 1.33 விநாடிக்கு ஒரு துடிப்பு வந்தது. அதுதான் முதல் பல்சார், அதாவது வேகமாகச் சுழலும் நியூட்ரான் நட்சத்திரம்.

1974-ல் இதற்கான நோபல் பரிசு அவருடைய வழிகாட்டி ஹியூயிஷுக்குப் போனது. மாணவிக்கு இல்லை! படித்ததும் எனக்குக் கோபமா வந்தது. 2018-ல் ஜோசலினுக்கு 30 லட்சம் டாலர் பரிசு கிடைத்தது. அதை அப்படியே, இயற்பியலில் பிஎச்.டி. படிக்க வாய்ப்புக் குறைந்த மாணவர்களுக்குக் கொடுத்துவிட்டார்.