கல்லை எடுக்காதீர்கள், மனுவை எழுதுங்கள்

பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் 2020 அக்டோபரில் மண் அள்ளிய இடத்தில் உருண்டை உருண்டையாகப் பெரிய கற்கள் வெளிப்பட்டன. ‘டைனோசர் முட்டை’ என்று வாட்ஸ்அப்பில் செய்தி பறந்தது. முட்டை அல்ல, அம்மோனைட் என்ற பழங்கால கடல் உயிரியைச் சுற்றி இறுகிய கல் உருண்டைகள் என்று புவியியல் அறிந்தவர்கள் விளக்கினார்கள். முட்டை இல்லை என்றதும் பரபரப்பு அடங்கிவிட்டது. உண்மையில் அப்போதுதான் விஷயமே தொடங்குகிறது.

அதே மாவட்டத்தின் ஆலத்தூர் வட்டத்தில் உள்ள காரை கிராமத்துப் பள்ளங்களுக்கு விடுமுறை நாளில் போய்ப் பாருங்கள். பைக்கில் வரும் இளைஞர்கள், வேனில் வரும் மாணவர்கள், கேமராவும் சுத்தியலுமாக வரும் யூடியூப்காரர்கள். ஆளுக்கு ஒரு அம்மோனைட் சுருள்கல், ஒரு ஜிப்சம் துண்டு. கல் வீட்டு ஷோகேஸுக்குப் போகிறது. ஒரு பள்ளியின் அலமாரியில் அழகான அம்மோனைட் ஒன்றைப் பார்த்தேன். எந்த ஊர், எந்த ஓடை, எந்த அடுக்கு என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. அடுக்கு தெரியாத கல் ஆய்வுக்குப் பெரிதாக உதவாது.

எடுப்பவர்கள் கல்லைப் பார்க்கிறார்கள்; கல் கிடந்த களிமண்ணை மிதிக்கிறார்கள். அந்தக் களிமண்தான் பதிவேடு. சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்தது. அதன் நீரில் மிதந்த பிளாங்க்டன் உயிரிகளின் ஓடுகள் இந்த மண்ணில் உள்ளன. சில ஊசிமுனை அளவு, சில நுண்ணோக்கிக்கு மட்டுமே தெரிபவை.

தாவரப் பிளாங்க்டன் வளர வெயில் வேண்டும், நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் வேண்டும். வெயில் மேலே இருக்கிறது, உரம் அடியில் இருக்கிறது. காற்றும் நீரோட்டமும் அடிநீரை மேலே கொண்டுவரும் இடத்தில்தான் இரண்டும் சேரும். அங்கே பிளாங்க்டன் பெருகும், அதைத் தின்ன மீன் வரும். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் கேரளக் கடலில் இன்றும் இதுதான் நடக்கிறது. வங்கக்கடலில் ஆறுகள் கொட்டும் நன்னீர் மேலே மூடிபோல் நிற்பதால் அடிநீர் எளிதில் ஏறுவதில்லை. பெருகிய பிளாங்க்டன் செத்து அடியில் விழுந்து மட்கும்போது பாஸ்பரஸ் சேற்றில் சேர்ந்து கணுக்கணுவாக இறுகும். பெரு, நமீபியா நாடுகளின் கடலடியில் இப்படி உருவான பாஸ்பேட் கணுக்கள் கிடக்கின்றன. நம் காரை, ஊட்டத்தூர்ப் பக்கத்துக் களிமண்ணிலும் பாஸ்பேட் கணுக்கள் உண்டு. வெள்ளைக்காரன் காலத்திலேயே அவற்றை டன் கணக்கில் மதிப்பிட்டுப் பார்த்துவிட்டார்கள்.

பிளாங்க்டன் அளவு மீறிப் பெருகினால் கேடு; அது மட்கும்போது நீரின் ஆக்சிஜனைத் தின்றுவிடும். சுமார் 9.4 கோடி ஆண்டுகளுக்கு முன் உலகக் கடல்களின் பெரும்பகுதியில் ஆக்சிஜன் குறைந்துபோனது. காரைக் களிமண் அந்தக் காலத்தையும் தொட்டு நிற்கிறது. 2019 செப்டம்பரில் மண்டபம், பாம்பன் பக்கம் நாக்டிலூகா என்ற பிளாங்க்டன் பெருகி, கடல் பச்சையாகி மீன்கள் செத்து ஒதுங்கின. சூடாகும் கடல் நாளை என்ன செய்யும் என்று ஆராய்பவர்களுக்குப் பழைய கடலின் கணக்கு வேண்டும். அந்தக் கணக்கின் மேல் நாம் ஜேசிபி ஓட்டுகிறோம்.

இனி சட்டத்துக்கு வருவோம். புதைபடிவங்களைக் காக்க நாட்டில் தனிச் சட்டம் கிடையாது. மத்திய சுரங்க அமைச்சகம் 2022 டிசம்பரில் ஒரு வரைவு மசோதாவை வெளியிட்டது. வரைவைக் காட்டி ஒரு லாரியைக்கூட நிறுத்த முடியாது. அதற்காக அள்ளலாம் என்று பொருள் இல்லை. புறம்போக்கு நிலம் அரசுடையது. அனுமதிச்சீட்டு இல்லாமல் கனிமத்தைத் தோண்டினாலோ கொண்டுபோனாலோ 1957-ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டத்தின் 21-ஆவது பிரிவின்படி 5 ஆண்டு வரை சிறை உண்டு. ஏரியில் வண்டல் எடுக்கத் தாசில்தார் தரும் அனுமதி வண்டலுக்கு மட்டுமே. ஜேசிபி வாளியில் சுருள்கல் தட்டுப்பட்டால் வண்டியை நிறுத்துங்கள்.

கல்லைக் கண்டால் எடுக்காதீர்கள், கழுவாதீர்கள், உடைத்துப் பார்க்காதீர்கள். பக்கத்தில் ஒரு பத்து ரூபாய் நாணயத்தை வைத்துப் படம் எடுங்கள்; கரை முழுவதும் தெரிய இன்னொரு படம். செல்போன் மேப்பில் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு புல எண். கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்கலாம். அரசின் இணையவழி நிலப்பதிவேட்டில் அ-பதிவேடு எடுத்தால் நிலம் பட்டாவா புறம்போக்கா என்பதும் தெரிந்துவிடும்.

மனுவை மாவட்ட ஆட்சியர் பெயருக்கு எழுதி, திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுங்கள். ஊர், வட்டம், புல எண், பார்த்த தேதி, படங்கள் எல்லாம் இருக்கட்டும். ‘புவியியல் மற்றும் சுரங்கத் துறை அலுவலர் இடத்தைப் பார்வையிட வேண்டும், அதுவரை மண் எடுப்பதை நிறுத்தி வைக்க வேண்டும்’ என்று கோரிக்கையைத் தெளிவாக எழுதுங்கள். ‘ஆவன செய்யவும்’ என்று முடித்தால் ஒன்றும் ஆகாது. ஒரு நகலை இந்திய புவியியல் ஆய்வு மையத்தின் சென்னை அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். சாத்தனூர்க் கல்மரத்தைத் தேசியப் புவிச்சின்னமாகக் காப்பது அந்த மையம்தான். 1940-இல் அந்தக் கல்மரத்தைக் கண்டறிந்து சொன்னவரும் அந்த மையத்தில் பணியாற்றிய எம்.எஸ். கிருஷ்ணன்தான்.

பதில் வராது, பெரும்பாலும் வராது. ஒரு மாதம் பாருங்கள். பிறகு 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் உரிமைச் சட்டம் 6(1) பிரிவில் கேளுங்கள்: என் மனு எண் இது, யார் எந்தத் தேதியில் இடத்தைப் பார்த்தார், அறிக்கை நகல் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு 19(1) பிரிவில் எழுதுங்கள். கோப்பு நகர்வது பெரும்பாலும் இந்த இரண்டாவது கடிதத்தில்தான்.

பக்கத்து மாவட்டமான அரியலூர்க்காரர்களுக்குத் தனியாக ஒன்று. சிமென்ட் ஆலைகளின் சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்தும்போது, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 30 நாள் முன்னதாக அறிவிப்பு தர வேண்டும். கூட்டத்தில் வேலை கேட்கிறோம், சாலை கேட்கிறோம், கேட்க வேண்டியதுதான். அதோடு, வெட்டும்போது வெளிப்படும் புதைபடிவங்களைப் பதிவுசெய்து வாரணவாசி அருங்காட்சியகத்துக்கு ஒப்படைக்க வேண்டும் என்றும் எழுத்தில் கொடுங்கள். வாயால் சொன்னது காற்றோடு போகும். எழுதிக் கொடுத்தது கூட்ட நடவடிக்கைக் குறிப்போடு சேர வேண்டும். சேர்ந்ததா என்று நகல் வாங்கிச் சரிபாருங்கள்.

பள்ளி ஆசிரியர்களே, மாணவர்களைக் காரைக்குக் கூட்டிப் போங்கள், பையில் கல் இல்லாமல் திரும்புங்கள். கைவிடப்பட்ட சுரங்கக் குழிகளில் இறங்க விடாதீர்கள். மழைநீர் தேங்கிய குழியின் ஆழம் மேலிருந்து பார்த்தால் தெரியாது.

மறுபடியும் சொல்கிறேன், கல்லை எடுக்காதீர்கள். திங்கட்கிழமை மனுவோடு போனால், எண்ணிட்ட ஏற்புச்சீட்டு கையில் வராமல் ஆட்சியர் அலுவலகத்தை விட்டு வெளியே வராதீர்கள்.