இரண்டு நிமிஷ ஆகாயப் பிரயாணம்

ஸ்கொட்லாந்தின் வடமுனைக்கு அப்பால் ஏறத்தாழ எழுபது தீவுகள் சிதறிக் கிடக்கின்றன. ஓர்க்னி என்பது அவற்றின் பொதுப் பெயர். மக்கள் வாழ்பவை இருபது அளவினவே. அவற்றுள் வெஸ்ட்றே, பப்பா வெஸ்ட்றே என்னும் இரண்டுக்குமிடையே பறக்கும் விமானமே உலகின் மிகக் குறுகிய கால அட்டவணைச் சேவை.

இரு விமானத் தளங்களுக்கும் இடைப்பட்ட தூரம் 2.7 கிலோமீற்றர். எடின்பரோ விமான நிலையத்தின் ஓடுபாதையே ஏறக்குறைய அத்துணை நீளமுடையது! 1967ஆம் ஆண்டு லோகன் எயர் நிறுவனம் தொடக்கிய இச்சேவைக்கு அட்டவணை அளித்திருக்கும் நேரம் இரண்டு நிமிஷம். ஸ்டுவார்ட் லிங்லேற்றர் என்னும் விமானி 53 வினாடியில் பறந்து முடித்ததே சாதனை.

கணக்குப் பிரியர் இங்கே சற்று நிற்பர். 53 வினாடியில் கடந்தால் வேகம் மணிக்கு 183 கிலோமீற்றர். இரண்டு நிமிஷமாயின் 81 மாத்திரமே. அதே விமானம், அதே தூரம். வேறுபாடு எங்ஙனம் வந்தது? காற்றே காரணம். விமானம் காற்றை எதிர்நோக்கியே எழவும் இறங்கவும் வேண்டும். காற்று வேறு திசையில் வீசினால், எழுந்தபின் ஒரு வளைவு, இறங்குமுன் மற்றொரு வளைவு. நேர்கோட்டுத் தூரத்தைக் கொண்டு நேரத்தைக் கணிப்பவர் ஏமாறுவது இதனாலேதான்.

இத்துணைச் சிறு தூரத்துக்கு விமானம் எதற்கு என்று கேட்பாருமுண்டு. இரு தீவுகளுக்குமிடையே படகும் ஓடுகிறதன்றோ? உண்மையில் விமானம் புறப்படுவது தலைநகராகிய கேர்க்வோலிலிருந்து; இரண்டு நிமிஷம் என்பது அந்தப் பிரயாணத்தின் வால் மாத்திரமே. பப்பா வெஸ்ட்றேயில் வாழ்வோர் நூறு பேருக்கும் குறைவு. வைத்தியர் வருவதும், நோயாளி வைத்தியசாலை செல்வதும், ஆசிரியர் பாடசாலைக்கு வருவதும் இவ்வானூர்தியாலேயே. மாரிகாலத்து வட அத்திலாந்திக் அலையை அறிந்தவர் இதனை ஆடம்பரம் என்னார். இலாபத்தைக் கருதினால் இச்சேவை என்றோ நின்றிருக்கும். ஓர்க்னித் தீவுகள் சபை பொதுப் பணத்திலிருந்து உதவி அளிப்பதால் நடைபெறுகிறது. அது நியாயமான செலவென்றே நமக்குத் தோன்றுகிறது.

இத்தீவுகளில் ஆகாய மார்க்கம் புதிதன்று. கப்டன் பிரெசன் என்பார் 1933இல் இன்வர்னஸ் நகருக்கும் கேர்க்வோலுக்குமிடையே சேவை தொடக்கினார். மறுவருடமே தபாற் பொதிகளும் பறந்தன.

இக்காலத்து ஐலண்டர் விமானம் எட்டுப் பேரளவே கொள்ளும். ஒருவர் விமானிக்கு அருகிலேயே அமரலாம். உல்லாசப் பிரயாணிகள் இதற்கெனவே வந்து, பறந்தமைக்கு ஒரு சான்றிதழும் பெற்றுச் செல்கின்றனர். அவர்களுட் சிலராவது தீவின் மேற்குக் கரைவரை நடக்கின்றனர். அங்கே நாப் ஒவ் ஹோவர் என்னுமிடத்தில், எகிப்தியப் பிரமிட்டுகளுக்கும் முற்பட்ட இரு கல்வீடுகள் சுவர் குலையாது நிற்கின்றன. விமானம் திரும்பி வரும்வரை அவற்றின் தாழ்ந்த வாயிலிற் குனிந்து நுழைந்து பார்க்கலாம்.