டி.எல்.எல். ஃபைலை எங்கே வைப்பது?

நாம் எழுதிய புரோகிராம் நம் கம்ப்யூட்டரில் ஓடும், வாடிக்கையாளரிடம் ஓடாது. இன்ஸ்டாலர் தயாரிக்கும் அனைவரும் சந்தித்த தொல்லை இது. இதைவிடப் பெரிய தொல்லை ஒன்று உண்டு. நம் புரோகிராம் நன்றாக ஓடும். பக்கத்திலுள்ள வேறு புரோகிராம் படுத்துவிடும். 2003ல் மத்திகிரியில் இதை நானே செய்தேன்.

ஓசூர் சிப்காட் கம்பெனிகளுக்கு உதிரிபாகம் செய்து தரும் சிறிய லேத் பட்டறை அது. டெலிவரி சலான் தமிழில் வேண்டும் என்றார் உரிமையாளர். யூனிகோடில் எழுதினேன். அவரிடம் இருந்ததோ விண்டோஸ் 98.

யூனிகோடில் "கொ" என்ற எழுத்து, "க"வும் அதன்பின் ஒகரக் குறியுமாகத்தான் பதிவாகிறது. கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் பிரித்துப் போடுவது யுனிஸ்கிரைப் என்ற லைப்ரரியின் வேலை. ஃபைலின் பெயர் யு.எஸ்.பி.10 டி.எல்.எல். (பென் டிரைவ் செருகும் யு.எஸ்.பி. அல்ல!) பிரவுசர் உட்படப் பல புரோகிராம்கள் இந்த ஒரே ஃபைலைப் பகிர்ந்துகொள்ளும்.

தமிழ் யூனிகோட் வசதியுடன் வந்த முதல் விண்டோஸ், விண்டோஸ் 2000. அதிலிருந்து இந்த ஃபைலை காப்பி செய்து, சிஸ்டம் ஃபோல்டருக்குப் போகும்படி இன்ஸ்டாலரில் சேர்த்தேன். நான் பயன்படுத்திய இன்னோ செட்டப், பதிப்பு எண்ணை ஒப்பிட்டு, இருப்பது பழையதாக இருந்தால் மட்டுமே மாற்றும். நான்தான் அவசரத்தில் "இக்னோர்வெர்ஷன்" என்று குறிப்பிட்டு அந்தச் சோதனையை நிறுத்திவிட்டேன்.

மறுநாள் போன் வந்தது. "என்ன சார் பண்ணீங்க? தமிழ் நல்லா வருது. பெங்களூர் பார்ட்டிக்கு அடிக்கிற கன்னட லெட்டர் எல்லாம் உடைஞ்சு போச்சு!"

அந்தக் கம்ப்யூட்டரில் ஏற்கெனவே புதிய யுனிஸ்கிரைப் இருந்திருக்கிறது. அதன்மேல் பழையதை எழுதிவிட்டேன். விண்டோஸ் 2000 பதிப்புக்கு இந்திய எழுத்துகளில் தமிழும் தேவநாகரியும் மட்டுமே தெரியும்; கன்னடமும் தெலுங்கும் 2001ல் எக்ஸ்பியுடன் வந்தன. கன்னடத்தில் "கன்னட" என்று எழுதினாலே ஓர் எழுத்து கீழே ஒட்டி வர வேண்டும். அது பிரிந்து நின்றது. மூன்று மொழி புழங்கும் ஊரில் தமிழை மட்டும் சோதித்துப் பார்த்துவிட்டுக் கிளம்பியிருக்கிறேன்!

புதிய ஃபைலைத் திரும்பப் போட்டதும் சரியானது. பிறகு இன்ஸ்டாலரிலிருந்து அந்த டி.எல்.எல்.லை நீக்கினேன். விண்டோஸின் ஃபைலை நாமாக எடுத்து வினியோகிப்பதே தவறு. எவற்றைத் தரலாம் என்ற பட்டியல் விஷுவல் ஸ்டுடியோவுடன் "ரெடிஸ்ட்" என்ற பெயரில் வரும். பதிப்பு பழையதாக இருந்தால், இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6 நிறுவும்படி என் இன்ஸ்டாலர் சொல்லும்படி மாற்றினேன்.

வினியோகிக்க அனுமதியுள்ள லைப்ரரி என்றால், உங்கள் புரோகிராம் இருக்கும் ஃபோல்டரிலேயே வைத்துவிடுங்கள். விண்டோஸ் பொதுவாக அங்கேதான் முதலில் தேடும். அடுத்தவர் புரோகிராமுக்குப் பாதிப்பு இல்லை. ஆனால் இதிலும் ஒரு சிக்கல். 2004ல் ஜே.பி.ஜி. படங்களைக் கையாளும் ஜி.டி.ஐ. பிளஸ் லைப்ரரியில் பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. மைக்ரோசாஃப்ட் விண்டோஸைச் சரிசெய்தாலும், பல புரோகிராம்கள் தத்தம் ஃபோல்டரில் வைத்திருந்த பிரதிகள் அப்படியே இருந்தன. தனிப் பிரதி வைத்தால் அதைப் புதுப்பிக்கும் பொறுப்பும் உங்களுடையதே.

விண்டோஸ் 2000 முதல் சிஸ்டம் ஃபைல்களுக்குப் பாதுகாப்பு வந்தது. எக்ஸ்பியில் சில லைப்ரரிகளின் பல பதிப்புகளை அருகருகே வைக்கும் வசதியும் வந்தது. ஆனாலும் இன்றும் "விசிரன்டைம்140 டி.எல்.எல். இல்லை" என்ற செய்தியைப் பார்த்திருப்பீர்கள். அந்த ஒரு ஃபைலை மட்டும் கண்ட தளத்திலிருந்து இறக்கி சிஸ்டம்32 ஃபோல்டரில் போடாதீர்கள். வைரஸும் சேர்ந்து வரலாம். மைக்ரோசாஃப்ட் தளத்தில் விஷுவல் சி பிளஸ் பிளஸ் ரெடிஸ்ட்ரிபியூட்டபிள் இலவசமாகக் கிடைக்கிறது. 32 பிட் புரோகிராம் என்றால், 64 பிட் விண்டோஸிலும் எக்ஸ்86 பேக்கேஜ்தான் தேவை.