இந்திய டெலிபோன் ஸ்தாபனத்தின் வரலாறு

டெலிபோன் கருவிக்கு அலெக்சாண்டர் கிரஹாம் பெல் காப்புரிமை பெற்றது 1876-ஆம் ஆண்டில். நான்கே ஆண்டுகள் சென்றபின், 1880-இல், இரண்டு ஆங்கிலக் கம்பெனிகள் இந்திய சர்க்காரை அணுகி, இந்நாட்டில் டெலிபோன் நிலையங்கள் அமைக்க அனுமதி கோரின. டெலிபோன் சர்க்காருக்கே உரிய பணி என்று கூறி அனுமதி மறுக்கப்பட்டது. ஆயினும் 1881-இல் இம்முடிவு மாறிற்று. இங்கிலாந்தின் ஓரியண்டல் டெலிபோன் கம்பெனிக்குக் கல்கத்தா, பம்பாய், சென்னை, ஆமதாபாத் ஆகிய நகரங்களுக்கான உரிமம் வழங்கப்பட்டது. டெலிபோன் வாணிபமா, பொதுப்பணியா என்ற வினா அன்று எழுந்தது. இன்றும் அது ஓயவில்லை.

கம்பெனிக் காலம்

1882 ஜனவரி 28-இல் கல்கத்தா, பம்பாய், சென்னை நிலையங்கள் திறந்து வைக்கப்பெற்றன. கல்கத்தா நிலையத்தின் சந்தாதாரர் 93 பேர். ஒவ்வொருவரையும் மற்ற ஒவ்வொருவரோடும் நேரே இணைப்பதாயின் 4,278 கம்பிகள் வேண்டும். நடுவே ஓர் இணைப்பு நிலையம் இருப்பின் 93 கம்பிகளே போதும். டெலிபோன் தொழிலின் சிக்கனம் முழுவதும் இக்கணக்கில் அடங்கியுள்ளது. சந்தாதாரர் நெருங்கி வாழுமிடத்தில் கம்பி குறுகும், இலாபம் பெருகும். சிதறி வாழுமிடத்தில் கம்பி நீளும், இலாபம் தேயும். ஆகவே கம்பெனி வணிகத் துறைமுகங்களை நாடியதில் வியப்பில்லை.

திருவனந்தபுரத்தின் கதை வேறு. திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் தலைநகரான அந்நகரில் அஞ்சல் என்னும் சொந்தத் தபால் துறையைச் சமஸ்தானமே நடத்தி வந்தது. அங்கு டெலிபோனை நிறுவியதும் சமஸ்தான சர்க்காரே.

இலாகாக் காலம்

1943-இல் கல்கத்தா, பம்பாய், சென்னை டெலிபோன் கம்பெனிகளை இந்திய சர்க்கார் ஏற்றுக்கொண்டது. 1950-இல் அரசியல் சட்டம் அமுலுக்கு வந்தபின் சமஸ்தானங்களின் டெலிபோன்களும் மத்திய சர்க்காரின் பொறுப்பாயின. 1951-இல் திருவிதாங்கூர் அஞ்சலும் இந்தியத் தபால் துறையோடு இணைந்தது. சுதந்திரம் பெற்ற காலத்தில் நாடெங்கும் இருந்த டெலிபோன்கள் சுமார் 80,000 மட்டுமே. கருவிகளை இங்கேயே செய்வதற்கென 1948-இல் பெங்களூரில் இந்தியன் டெலிபோன் இண்டஸ்ட்ரீஸ் தோன்றிற்று.

அக்காலத்துத் தானியங்கி நிலையங்கள் பல, அமெரிக்கரான ஸ்ட்ரோஜர் 1891-இல் காப்புரிமை பெற்ற முறையைத் தழுவியவை. எண்வட்டைச் சுழற்றும்போது எழும் மின்துடிப்புக்கள் மின்காந்தத்தை இயக்க, ஓர் உலோகக் கை படிப்படியாக மேலேறிப் பின் திரும்பி, நூறு முனைகளில் வேண்டிய ஒன்றைத் தொடும். அசையும் உறுப்புக்கள் மிகுந்த இம்முறைக்கு இடமும் பராமரிப்பும் ஏராளமாகத் தேவைப்பட்டன. விண்ணப்பித்தவர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க நேர்ந்ததற்கு நிதிக் குறைவோடு இதுவும் ஒரு காரணம்.

இந்நிலையை மாற்றியது 1984-இல் தொடங்கப்பெற்ற ஸி-டாட் என்னும் ஆராய்ச்சி நிலையம். அது அமைத்த 128 இணைப்புக்கள் கொண்ட கிராம நிலையம் குளிர்சாதனமின்றி வெப்பத்திலும் தூசியிலும் இயங்க வல்லது. கம்பெனிகள் எட்டிப் பாராத கிராமங்களுக்கு டெலிபோனைக் கொண்டு சென்ற சாதனங்களுள் இது முதன்மையானது.

கார்ப்பொரேஷன் காலம்

1985-இல் தபாலும் தொலைத்தொடர்பும் தனித்தனி இலாகாக்களாயின. 1986-இல் டில்லி, பம்பாய் ஆகிய நெருக்கமிகு நகரங்கள் மகாநகர் டெலிபோன் நிகமிடம் ஒப்படைக்கப்பட்டன. ஏனைய நாடு முழுவதையும், மலையும் தீவும் உட்பட, 2000 அக்டோபர் 1-இல் பாரத் சஞ்சார் நிகம் ஏற்றது. அதன் கேரள வட்டத்துக்குத் தலைமையிடம் திருவனந்தபுரம்.

இதற்கிடையே தனியார் கைப்பேசிக் கம்பெனிகள் 1995 முதல் இந்நாட்டில் சேவையைத் தொடங்கியிருந்தன. 1996-இல் கேரளத்தை எட்டின. வானலை கம்பியின் இடத்தைப் பிடித்தது. நிகமின் வருவாய் சரிந்தது. 2020 ஜனவரி முடிவில் ஏறக்குறைய 78,000 ஊழியர் விருப்ப ஓய்வில் விலகினர். மத்திய சர்க்கார் 2019 முதல் அடுத்தடுத்து வழங்கிய பெருநிதியால் ஸ்தாபனம் நிலைபெற்றது. உள்நாட்டுச் சாதனங்களைக் கொண்டே அமைந்த நான்காம் தலைமுறைக் கைப்பேசிச் சேவை 2025 செப்டம்பர் 27-இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது.

கேரள அரசோ மற்றொரு வழியையும் மேற்கொண்டது. மின்வாரியத்தின் கம்பங்கள் வழியே கண்ணாடி இழைகளைக் கொண்டு சென்று, ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பும் நல்கும் கே-போன் திட்டம் 2023 ஜூன் 5-இல் திருவனந்தபுரத்தில் தொடங்கி வைக்கப்பட்டது. சமஸ்தானக் காலத்தைப் போன்றே, இங்கு மீண்டும் மாநிலமே முன்வந்து கம்பி இழுக்கிறது.

ஸ்ட்ரோஜரின் உலோகக் கை மறைந்தது. செப்புக் கம்பியும் மறைந்து வருகிறது. கல்கத்தாவின் 93 சந்தாதாரரைப் பற்றிய கணக்கு மட்டும் மாறவில்லை. கடைசி வீட்டுக்குச் செல்லும் இணைப்பு எக்காலத்திலும் செலவு மிக்கதே. அச்செலவை யார் ஏற்பது என்பதை விஞ்ஞானம் முடிவு செய்வதில்லை. அதனைச் சமுதாயமே முடிவு செய்தல் வேண்டும்.