ஆகாய தூரமும் பயண நேரமும்

மதுரைச் சீமையின் மல்லிகைக்கு 2013 ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. எனினும், விடியுமுன் பறித்த மொட்டு மாலையில் மலர்ந்துவிடும். மலர்ந்த பின் அதற்கு விலையில்லை. ஆதலின், பூவைச் சென்னைக்கு விமானத்தில் அனுப்பினால் என்ன என்று விவசாயிகள் எண்ணுவது இயல்பே. அவ்வாறு எண்ணுவோர் தூரத்தை மட்டும் பார்த்தால் போதாது. நேரக் கணக்கையும் அறிதல் வேண்டும்.

மதுரை விமான நிலையத்துக்கும் சென்னை மீனம்பாக்கத்துக்கும் இடையே ஆகாய வழித் தூரம் ஏறத்தாழ 415 கிலோமீட்டர். சாலை வழியோ சுமார் 450 கிலோமீட்டர். மணிக்கு 500 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் சிறு விமானம் 50 நிமிடத்தில் சென்றுவிட வேண்டுமல்லவா? ஆனால் தரையில் ஊர்ந்து ஓடுபாதையை அடைவதற்கும், மேலே ஏறுவதற்கும், வேகம் குறைத்து இறங்குவதற்கும் நேரம் பிடிக்கிறது. ஆகவே பயணம் ஒன்றேகால் மணி நேரமாகிவிடுகிறது. எதிர்க்காற்று வீசினால் இது இன்னும் சற்று நீளும்.

இனி, பூவின் பயணத்தைக் கணக்கிடுவோம். காலை 7 மணிக்குக் கிராமத்தில் கூடை கட்டப்படுகிறது என்று கொள்வோம். விமான நிலையம் சேர ஒரு மணி. சரக்கை ஒப்படைத்துச் சோதனை முடியக் காத்திருக்க இரண்டு மணி. பயணம் ஒன்றேகால் மணி. சென்னையில் சரக்கை மீட்டுக் கோயம்பேடு சேர்க்க இரண்டு மணி. ஆக ஆறேகால் மணி நேரம். பகல் ஒன்றேகாலுக்குப் பூ சந்தையில் இருக்கும். மணிக்கு 50 கிலோமீட்டர் வீதம் செல்லும் லாரியோ ஒன்பது மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டு, மாலை 4 மணிக்குப் பின்னரே வந்து சேரும்.

ஆகவே, விமானத்தால் நாம் பெறும் லாபம் மூன்று மணி நேரமே. மொட்டுக்கு அது பெரிய லாபந்தான். ஆயினும் காலை 10 மணிக்குப் பதிலாகப் பகல் 1 மணிக்குத்தான் விமானம் புறப்படும் என்றால், அந்த லாபம் முழுவதும் அழிந்துபோகும். தூரத்தைவிடப் புறப்படும் வேளையே முக்கியம் என்பது இதனால் விளங்கும்.

கட்டணத்திலும் கவனம் தேவை. விமானச் சரக்கில் பெட்டி அடைத்துக்கொள்ளும் இடத்தையும் எடையாகக் கணக்கிடுவர். 6,000 கன சென்டிமீட்டர் ஒரு கிலோவுக்குச் சமம் என்பது வழக்கம். 60 சென்டிமீட்டர் நீளமும், 50 அகலமும், 40 உயரமும் உள்ள பெட்டியில் எட்டுக் கிலோ பூ இருந்தாலும், 20 கிலோவுக்கே கட்டணம் செலுத்த நேரும்.

எனவே, பஞ்சாயத்து அங்கத்தினர்கள் தம் ஊர் விவசாயிகளைக் கூட்டி, புறப்படும் வேளை, ஒப்படைக்கும் வேளை, பெட்டியின் அளவு ஆகிய மூன்றையும் முதலில் விசாரித்தறிதல் நலம். காலை விமானம் இல்லாத நாளில், விடியற்காலையிலேயே பூவைத் திரட்டிக் குளிர்ச்சியுடன் லாரியில் அனுப்புவதே சிக்கனம். விமானத்தின் முழுப் பயனும் சாலையில் ஒரு நாளுக்கு மேலாகும் தொலைதூரச் சந்தைகளுக்கே கிட்டும். கணக்கறிந்து அனுப்புவோமாயின், நம் உழைப்பின் பலன் வழியில் வாடாது.