கம்ப்யூட்டருக்குள் ஓடும் தண்ணீர் அலுமினியத்தை ஏன் அரிக்கிறது?

தண்ணீரால் குளிரும் கம்ப்யூட்டரை நீங்களே கட்டப் போகிறீர்களா? ப்ராசசர்மேல் உட்காரும் பிளாக் பெரும்பாலும் செம்பு. ரேடியேட்டரோ அலுமினியத்திலும் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

பழைய டார்ச் பேட்டரியை நினைத்துப் பாருங்கள். மின்சாரம் தரத் தர அதன் துத்தநாகக் கூடு கரையும். ஒருநாள் ஓட்டை விழுந்து ஒழுகும்.

உங்கள் குழாய்ச் சுற்றிலும் அதே கதைதான்: செம்பும் அலுமினியமும் ஒரே நீரில் சேர்கின்றன. இங்கே கரைவது அலுமினியம். காய்ச்சி வடித்த நீர்தானே என்கிறீர்களா? ஓட ஓட அதில் செம்பு அயனிகள் கலக்கும். அவை அலுமினியத்தின்மேல் படியும். படிந்த இடத்தைச் சுற்றிக் குழி விழும்.

கரைந்தது எங்கே போகும்? வெண்ணிறப் படிவாகி, பிளாக்கினுள் அரை மில்லிமீட்டருக்கும் குறுகிய வழிகளில் போய் அடைக்கும். பம்ப் ஓடும், ஆனாலும் சிப் கொதிக்கும்!

கடையில் முழுதாக மூடி வரும் கூலர்களில் இரண்டு உலோகமும் சேர்ந்தே இருக்கின்றனவே? உண்மைதான். அரிப்பைத் தடுக்கும் திரவத்தை ஊற்றி அடைத்துவிடுகிறார்கள். நாமோ அடிக்கடி திறந்து மூடுகிற கூட்டம். இரண்டையும் சேர்க்க எனக்குத் துணிச்சல் இல்லை.

செம்போ பித்தளையோ ரேடியேட்டர், பித்தளை இணைப்பிகள் என்று வாங்குங்கள். நிக்கல் பூச்சு பரவாயில்லை. வெளிச்சட்டம் அலுமினியமானாலும் கவலையில்லை. தண்ணீர் படும் இடம் எதனால் ஆனது என்று மட்டும் கடைக்காரரிடம் கேளுங்கள்.